எண்பத்து நான்கு கிராம் சோடா

சிங்கப்பூர் பிடோக்கில் என் மகள் வீட்டு அடுப்புக்கு நான்கு குமிழ்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவள் நான்கையும் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவாள். அடுப்பில் மிஞ்சுவது நான்கு இரும்புக் காம்புகள். பிறகு வாசல் கம்பிக்கதவு பூட்டப்படும் சத்தம் கேட்கும். மருமகன் அதற்கு முன்பே போயிருப்பார். அப்புறம் மாலை வரை அந்தப் பதினொன்றாவது மாடியில் நானும், பதினான்கு கம்பிகள் உள்ள அந்தக் கதவும்தான்.

எண்ணுவது தொழிலால் வந்த பழக்கம். துவாஸில் ஒரு சலவைத்தூள் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வந்திறங்கும் மூட்டைகளை எண்ணுவது, ஒவ்வொரு மூட்டையிலும் கொஞ்சம் எடுத்து எடைபோடுவது, சூடாக்கி மறுபடி எடைபோடுவது, தேறியதா தேறவில்லையா என்று எழுதுவது. எழுத ஒன்றும் இல்லாத இப்போதும் கண் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது. சன்னலில் இருந்து தெரியும் கார் நிறுத்துமிடத்தில் அறுபத்திரண்டு இடங்கள். எதிர் அடுக்குமாடிப் புளோக்கில் ஒரு மாடிக்கு ஒன்பது வீடுகள். மகளுடைய குளிர்பெட்டியில் பதினேழு டப்பாக்கள், எல்லாவற்றுக்கும் பெயர் ஒட்டியிருக்கிறது. ரவையைக்கூட அவள் குளிர்பெட்டியில்தான் வைக்கிறாள்.

நான் இங்கே வந்தது ஓர் ஆப்பத்தால்.

மனைவி போன பிறகு தேக்கா சந்தைக்குப் பின்னால் உள்ள எங்கள் பழைய வீட்டில் தனியாகத்தான் இருந்தேன். என் சமையலை நானே சமைத்துக்கொண்டேன். மகளும் மருமகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தார்கள். ஆப்பமும் தேங்காய்ப்பாலும் செய்தேன். மாவில் வழக்கம்போல ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டு ஊற்றினேன். முதல் ஆப்பத்தில் கண்ணே விழவில்லை. தோசைக்கல்லில் ஊற்றியதுபோல் சப்பையாகக் கிடந்தது. சோடா போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு கரண்டி போட்டுக் கலக்கினேன். அப்போதும் கண் விழவில்லை, நிறம் மட்டும் மஞ்சளாகிவிட்டது. பசியோடு உட்கார்ந்திருக்கிறார்களே என்று அப்படியே பரிமாறினேன்.

மருமகன் ஒரு வாய் மென்றுவிட்டு மெதுவாகத் தண்ணீரை எடுத்தார். "மாமா, ஆப்பம் கொஞ்சம்... டிஃபரண்டா இருக்கு."

"டிஃபரண்டா? சோப்பு லா இது!" என்றாள் மகள். "துப்புங்க முதல்ல. அப்பா, நீங்க இத சாப்டீங்களா?"

"முதல்ல ஊத்துன நாலு நான்தான் சாப்பிட்டேன். நல்லாத்தானே இருக்கு?"

எனக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு நாக்கில் ருசியும் இல்லை, மூக்கில் வாசனையும் இல்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் 'நாலு' என்று நான் சொன்னதும் அவள் என்னைப் பார்த்த பார்வை மாறியது. அலமாரியைத் திறந்தாள். ஆப்பசோடா இருந்த பிளாஸ்டிக் டப்பா முன்னால் இருந்தது. அதே அளவில், அதே வெள்ளை மூடியோடு, கைத்துண்டு துவைக்க நான் வைத்திருந்த சலவைத்தூள் டப்பா பக்கத்தில் இருந்தது. அவள் இரண்டையும் பார்த்துவிட்டு என் உடைகளைப் பையில் அடுக்க ஆரம்பித்தாள்.

"கொஞ்ச நாளைக்கு எங்ககூட இருங்கப்பா."

அந்தக் கொஞ்ச நாள் நீண்டுவிட்டது. வந்த புதிதில் ஒருமுறை கிளம்பி ரயில் பிடித்துத் தேக்காவுக்குப் போனேன். சாவி அவள் கைப்பையில். வீட்டுக்குள் போக முடியாமல் புளோக்கின் கீழ்த்தளத்தில் கல் மேசையருகே உட்கார்ந்திருந்தேன். அலுவலகத்தில் இருந்து பாதியில் ஓடிவந்தவள், என்னைக் கண்டதும் அழுதாள். மறுநாளில் இருந்து இங்கே கம்பிக்கதவு பூட்டப்படுகிறது.

அவளைக் குறை சொல்ல வரவில்லை. அவள் பயந்திருந்தாள். பாலிகிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஞாபகத்தைச் சோதிக்கத் தாதி நூறில் இருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். நான் மைனஸ் ஐந்து வரைக்கும் போய்விட்டேன். "போதும் அங்கிள், போதும்," என்று சிரித்தார். திரும்பி வரும் வழியில் மகள் சிரிக்கவில்லை.

"கணக்கெல்லாம் வருது, சரிப்பா. ஆனா மாவுல சோப்புத்தூள் போட்டீங்களே."

"போடலை."

"போட்டதே ஞாபகம் இல்லைன்னா, அதுதானே பயம்?"

 போடவில்லை என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் அத்தனையும் அவளுக்குத்தான் சாட்சி. பிறகு ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது, மாதக் கடைசிக்குள் தேக்கா வீட்டை வாடகைக்கு விட ஏஜண்டிடம் பேசப்போவதாகச் சொன்னாள். பூட்டிக் கிடந்தால் வீணாகத்தானே போகும் என்றாள். வாடகைக்கு ஆள் வந்துவிட்டால் நான் திரும்பிப்போக இடமில்லை. அதற்குள் என் புத்தி சரியாக இருக்கிறது என்று அவளுக்குக் காட்டியாக வேண்டும். பூட்டிய வீட்டில் இருந்துகொண்டு எதை வைத்துக் காட்டுவது?

சன்னலருகே உட்கார்ந்து அந்த ஆப்பத்தை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். சோப்பு மாதிரி இருக்கிறது என்றார்கள். எங்கள் தொழிற்சாலையில் செய்தது சலவைத்தூள்தான், அதை நான் நன்றாக அறிவேன். அதில் நீலப் பொட்டுகள் இருக்கும், எலுமிச்சை வாசனை தூக்கும். ஒரு கரண்டி மாவில் விழுந்திருந்தால் நுரைத்துப் பொங்கியிருக்கும். அன்று பொங்கவில்லை, சப்பையாகக் கிடந்தது. எலுமிச்சை வாசனை என்று யாரும் சொல்லவில்லை. கண் விழாத ஆப்பம், மஞ்சள் நிறம், சோப்புக் கசப்பு. மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. எங்கள் தொழிற்சாலைக்கு மூட்டை மூட்டையாக வந்ததே, அந்தச் சலவைச்சோடாவின் குணங்கள் அவை. ஆப்பசோடா டப்பாவுக்குள் சலவைச்சோடா எப்படி வரும்? வெளியில் இருந்து வரவேண்டியதில்லை. ஆப்பசோடாவை வறட்டு வாணலியில் போட்டுச் சூடாக்கினால் போதும், அதுவே சலவைச்சோடா ஆகிவிடும்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆப்பசோடாவுக்குள் தண்ணீரும் கரியமில வாயுவும் பூட்டி வைத்ததுபோல் இருக்கின்றன. மாவுக்குள் ஈரத்திலும் சூட்டிலும் அந்த வாயு வெளியேறும்போதுதான் ஆப்பத்தில் கண் விழுகிறது. ஆனால் மாவில் போடும் முன்பே வெறும் சட்டியில் சூடாக்கினால் வாயு அங்கேயே போய்விடும். எண்பத்து நான்கு கிராம் ஆப்பசோடாவை நன்றாகச் சூடாக்கினால் ஒன்பது கிராம் நீராவியாகப் போகும், இருபத்திரண்டு கிராம் கரியமில வாயுவாகப் போகும், ஐம்பத்து மூன்று கிராம் சலவைச்சோடா மிஞ்சும். பார்வைக்கு எல்லாம் அதே வெள்ளைத் தூள்தான். கரியாது, உருகாது, நிறம் மாறாது. சட்டியைப் பார்ப்பவனுக்கு ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும்.

யார் சூடாக்கியது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. இந்த ஊர் ஈரத்தில் ரவையில் வண்டு விழும், மாவு கட்டி தட்டும், உப்பு கசியும். அதனால் என் மனைவி சந்தையில் இருந்து வந்த சாமானை அப்படியே டப்பாவில் போடமாட்டாள். ரவை, சேமியா, கோதுமை மாவு, கல்லுப்பு என்று ஒவ்வொன்றையும் வாணலியில் வறுத்து, ஆறவைத்து, பிறகுதான் அடைப்பாள். அந்த ஆப்ப ஞாயிறுக்கு முந்தின வாரம் மகள் வந்து என் சமையலறையைச் சுத்தம் செய்தாள். நான் அப்போது வீட்டில் இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது டப்பாக்கள் எல்லாம் இடம் மாறி இருந்தன. அம்மா செய்ததுபோலவே எல்லாவற்றையும் வறுத்தவள், கட்டி தட்டிய சோடாவையும் சேர்த்து வறுத்துவிட்டாள் என்று முடிவுகட்டினேன். எதையும் வறுத்து வைக்கும் தமிழ்க் கை அல்லாமல் வேறு எந்தக் கை சோடாவை வறுக்கும்?

மருமகன் வாரம் ஒருமுறை தபால் எடுக்கத் தேக்கா வீட்டுக்குப் போவார்.

"மாமா, தேக்கா போறேன். ஏதாச்சும் வேணுமா?"

"அலமாரியில ஆப்பசோடா டப்பா இருக்கு மாப்பிள்ளை. அத எடுத்துட்டு வாங்க. கீழ்க் கடையில புதுசா ஒரு பாக்கெட்டும் வேணும்."

"அவனவன் மாத்து வேட்டி கேப்பான், ரேடியோ கேப்பான். நீங்க சோடா கேக்குறீங்க." சிரித்தார். ஆனால் கொண்டுவந்து கொடுத்தார், மகளிடம் சொல்லவும் இல்லை.

மறுநாள் கதவு பூட்டியதும் வேலையைத் தொடங்கினேன். அடுப்பு இல்லாமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஆலத்தித் தட்டில் மஞ்சள்தண்ணீரோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ரத்தச் சிவப்பாகும் அல்லவா? காரம் அதிகமானால் மஞ்சள் சிவக்கும். சலவைச்சோடாவிலும் அப்படித்தான். ஆப்பசோடாவின் காரம் மெல்லியது, அதில் மஞ்சளின் நிறம் லேசாகத்தான் மாறும். இரண்டு தட்டில் மஞ்சள்தண்ணீர் வைத்தேன். புது பாக்கெட்டில் இருந்து ஒரு சிட்டிகை. மஞ்சள் கொஞ்சம் கருத்ததோடு சரி. டப்பாவில் இருந்து ஒரு சிட்டிகை போட்டதும், தூள் விழுந்த இடத்தில் இருந்து சிவப்பு பரவியது. அவசரமாகத் தட்டை வெளிச்சத்துக்குத் தூக்கினேன். தட்டு சரிந்து மகளுடைய வெள்ளைக் கல் மேடையில் கொட்டியது. துடைக்கத் துடைக்க அகலமானது.

மாலையில் அவள் கதவைத் திறந்து உள்ளே வந்தாள்.

"அப்பா! என் கவுண்டர்! என்னது இது?"

"சோப்புத்தூள் இல்லம்மா, பாத்தியா? சோடா வறுபட்டிருக்கு! அது கார்பனேட்டா, சலவைச்சோடாவா மாறிடுச்சு!"

அவள் சிவப்புக் கறையைப் பார்த்தாள், இரண்டு வெள்ளைத் தூள்களைப் பார்த்தாள், மஞ்சள் படிந்த என் கைகளைப் பார்த்தாள். நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "பவுடர் வச்சு விளையாடிட்டு இருக்கீங்களே அப்பா," என்றாள். குரல் கோபமாக இருந்திருந்தால் எனக்குப் பரவாயில்லை. பிள்ளையிடம் பேசுவதுபோல் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை உன் ஓவனைக் கொடு. ஒரு மணி நேரம். நீயே பக்கத்துல இருந்து பாரு. எடை பொய் சொல்லாது."

"ஓவன் கீவன் எல்லாம் ஒண்ணும் வேணாம்."

"நான் பக்கத்துல நிக்கிறேன்லா," என்றார் மருமகன். "என் காப்பித் தராசு இருக்கு, பாயிண்ட் ஒன் கிராம் வரைக்கும் காட்டும். மாமா ஆசப்படுறாரு, விடேன். காப்பிக் கொட்டைய நிறுத்து நிறுத்து எனக்கும் போரடிக்குது."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு சிறிய தகரத் தட்டுகளை எடுத்தோம். ஒன்றில் புதுச் சோடா எண்பத்து நான்கு கிராம். இன்னொன்றில் டப்பாத் தூள் எண்பத்து நான்கு கிராம். இரண்டையும் மெல்லியதாகப் பரப்பி ஓவனுக்குள் வைத்தேன். இருநூறு டிகிரி. ஆரம்பத்திலேயே ஓவனின் கண்ணாடிக் கதவு உள்பக்கம் பனித்தது. "நீராவி, பாருங்க மாப்பிள்ளை," என்றேன். மகள் குனிந்து பார்த்தாள். தன் வீட்டில் அவள் என்னோடு சேர்ந்து ஒன்றைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"டப்பாத் தூள்ல எதிர்பாக்குறது என்ன மாமா?"

"அது ஏற்கெனவே ஒருமுறை சூடு கண்டுடுச்சுன்னா, இழக்க வேண்டியத அப்பவே இழந்திருக்கும். இப்போ எடை குறையக் கூடாது. காத்துல உறிஞ்சின ஈரம் ரெண்டு மூணு கிராம் போகலாம்."

அவ்வப்போது கிளறிவிட்டோம். ஒரு மணி நேரம் ஆனதும் வெளியே எடுத்து ஆறவைத்தோம். மருமகன் தராசில் வைத்துச் சத்தமாகப் படித்தார். "புதுசு... ஃபிஃப்டி த்ரீ பாயிண்ட் ஃபோர். அடேயப்பா! டப்பா... எயிட்டி ஒன் பாயிண்ட் டூ."

நான் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். துவாஸில்கூட எந்த முடிவுக்கும் நான் அப்படி நின்றதில்லை. அந்த நிமிடம் வீடு திரும்பிவிட்டதாகவே நினைத்தேன். தேக்கா வீட்டுச் சமையலறைச் சன்னலைத் திறந்தால் முதலில் எதைத் துடைக்க வேண்டும் என்பதுவரை யோசித்துவிட்டேன்.

மகள் தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரிப்பா. சோப்புத்தூள் இல்ல. நான் சொன்னது தப்பு, சாரி," என்றாள். அதை உண்மையாகவே சொன்னாள். தராசில் இருந்து தலையை நிமிர்த்திக் கேட்டாள்: "அப்ப சோடாவ யாரு வறுத்தது?"

"நீதான். சுத்தம் பண்ண வந்தியே, அன்னைக்கு."

"நானா? அப்பா, நான் டப்பாவ எல்லாம் எடுத்து ஷெல்ஃப் துடைச்சேன், திரும்ப வச்சேன். அவ்ளோதான். அடுப்பப் பத்த வைக்கவே இல்ல. எனக்கு வறுக்கவே தெரியாதே. என் ஃபிரிட்ஜப் பாருங்க. எதையாச்சும் வறுத்து வச்சிருக்கேனா?"

பதினேழு டப்பாக்கள். நான் ஒவ்வொரு நாளும் எண்ணியவை. ரவை, மாவு, சேமியா எல்லாம் கடையில் வாங்கியபடியே வறுபடாமல், பெயர் ஒட்டி, குளிர்பெட்டிக்குள் இருப்பவை. கணக்கு என் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. நான் அதைக் கூட்டிப் பார்க்கவில்லை.

மருமகன் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "அத்தை வறுத்து வச்சதா இருக்கும் மாமா. பழைய டப்பாதானே? அவங்கதான் எல்லாத்தையும் வறுப்பாங்கன்னு நீங்களே சொல்வீங்க," என்றார்.

நல்ல மனிதர். எனக்காக ஒரு கதவைத் திறந்துவிட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும், இருவரும் நம்பியிருப்பார்கள். மகள்கூட நம்ப விரும்பினாள், 'அம்மாவா?' என்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஆனால் அந்தச் சோடா மனைவி போன பிறகு நான் வாங்கியது. அந்த ஞாயிறுக்குக் கொஞ்ச நாள் முன்பு அதே டப்பாவில் இருந்து எடுத்துச் செய்த ஆப்பத்தில் கண் நன்றாக விழுந்தது. அதற்கும் இதற்கும் நடுவில் அந்த வீட்டில் அடுப்பைப் பற்றவைத்தவன் ஒருவன்தான்.

மனைவி போன பிறகும் சந்தைச் சாமானை வறுப்பதை நான் விடவில்லை. அவள் வைத்த வரிசையிலேயே செய்தேன்: ரவை, சேமியா, மாவு, உப்பு. எனக்கு வாசனை தெரியாததால் நிறத்தையும் கை பதத்தையும் வைத்து வறுப்பேன். அவ்வளவும் ஞாபகம் இருக்கிறது. இரும்பு வாணலியில் வெள்ளையாக ஏதோ ஒன்றை நான் வறுத்துக்கொண்டு நிற்பதும் ஞாபகம் இருக்கிறது. அது உப்பா, சோடாவா? எவ்வளவு யோசித்தாலும் வாணலியில் வெள்ளைதான் தெரிகிறது.

தொழிற்சாலையில் தேறாத மூட்டையைத் தேறியது என்று நான் எழுதியதில்லை. நண்பர் அனுப்பிய மூட்டையாக இருந்தாலும் எழுதியதில்லை.

"உங்கம்மா இல்லம்மா," என்றேன். "நான்தான் வறுத்திருக்கணும். ஞாபகம் இல்ல."

 ஓவன் ஆறும்போது தகரம் 'டிக் டிக்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. மகள் ஜெயித்த முகத்தோடு இல்லை. என் மஞ்சள் விரல்களைப் பிடித்து, கறை போகுமா என்று பார்ப்பதுபோல் தேய்த்தாள். "சரிப்பா. பாப்போம்லா," என்றாள்.

"ஏஜண்ட்கிட்ட பேசு," என்றேன். "நல்ல ஆளாப் பாக்கச் சொல்லு. சமையலறைச் சன்னல் கொக்கி லூசா இருக்கு, வர்றவங்கள்ட்ட சொல்லிடணும்."

அவள் தலையசைத்தாள். வேண்டாம் என்று அவள் சொல்வாள் என நான் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. 

மறுநாள் காலை வழக்கம்போல மருமகன் போனார். மகள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கம்பிக்கதவு பூட்டப்பட்டது. நான் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். வெள்ளைக் கல் மேடையில் சிவப்பு மங்கிக் காவியாகத் தங்கியிருந்தது. அடுப்பைப் பார்த்தேன். மூன்று காம்புகள். நான்காவதில், தேநீர் போடும் சின்ன அடுப்பில், குமிழ் இருந்தது.

மறந்துவிட்டுப் போகிறவள் அல்ல அவள். பக்கத்தில் தேநீர்ச் சட்டியையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

நெடுநேரம் அதன் முன்னால் நின்றேன். கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். தேநீர் போடலாம். போட்டுவிட்டு அணைத்தேனா என்று அப்புறம் என்னையே கேட்க வேண்டியிருக்கும், அதற்குச் சரியாகப் பதில் சொல்ல இந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. குமிழைக் கழற்றினேன். மாலையில் அவள் வந்ததும் அவளிடம் கொடுத்துவிடலாம் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மாலையில் அவள் வந்தாள். முதலில் அடுப்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அது இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைத்துக்கொள்கிறேன்.